கர்நாடக சங்கீதத்துக்குத் தனி நாளா, இருக்கிற மேடையிலேயே ஓரமா?

தெற்குரதவீதி:
மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பாளையங்கோட்டைல கல்யாண மண்டபத்துல கூடுத நம்ம ரசிகர் கூட்டம் பத்தித்தான். இப்ப சாயங்காலம் 6 மணிலேருந்து 9 வரை நடக்கு. சினிமாப் பாட்டு 90 நிமிஷம், வில்லுப்பாட்டு இல்லன்னா நையாண்டி மேளம் 40, கர்நாடக சங்கீதம் 40. மிச்சம் பத்து நிமிஷத்துல மேடை மாத்தணும்! கர்நாடக சங்கீதத்தைப் பிரிச்சுத் தனி நாள் குடுக்கணும்னு பாதிப்பேர் சொல்லுதாவ, கூடாதுன்னு பாதிப்பேர். தரம், பாரம்பரியம்னு மேலோட்டமாப் பேசாம கணக்கோட சொல்லுங்க.

பாரிநாயனம்:
தனி நாள்தான் வேணும் அண்ணாச்சி. கணக்கே சொல்லுதேன். கச்சேரிக்கு நடுநாயகமா வர்ற மெயின் உருப்படி ஒண்ணை முழுசா எடுத்தா ஆலாபனை (வார்த்தை இல்லாம ராகத்தை விரிக்கது) 12 முதல் 15 நிமிஷம், வயலின் ஆலாபனை 6 முதல் 8, கீர்த்தனை 10 முதல் 12, ஒரே வரியைப் பல விதமாப் பாடுத நிரவலும் சரிகமன்னு கற்பனையாப் பாடுத ஸ்வரமும் 12 முதல் 15, மிருதங்கம் தனியா வாசிக்க தனி ஆவர்த்தனம் 12 முதல் 15. கூட்டினா 52 நிமிஷத்துக்குக் குறையாது. நீங்க குடுக்கது 40. அதுலயே தொடக்கத்துல வர்ணமும் பாடணும், கடைசியில துக்கடான்னு ஒரு சின்னப் பாட்டும் வேணும்.

எதை வெட்டுதாவ? முதல்ல தனி ஆவர்த்தனம் போகும். இல்லன்னா 3 நிமிஷம்னு சுருக்கி, மிருதங்கக்காரர் முடிவுக்கு வர்ற மோராவும் கோர்வையும் மட்டும் வாசிச்சுட்டு எந்திரிக்கணும். அடுத்து ஆலாபனை. தோடி ராகத்தை 4 நிமிஷத்துல பாடச் சொன்னா, கீழ உள்ள மந்தர ஸ்தாயிலேருந்து மேல ஏறிப்போவ ஏது நேரம்? ராகத்தோட அடையாளப் பிடி நாலைக் காட்டிட்டு இறங்க வேண்டியதுதான். கேக்கவன் ‘சரி, இவ்வளவுதானா’ன்னு எந்திரிச்சுப் போறான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது.

வில்லும்குடமும்:
நேரம் பத்தலன்னா தனி நாளா? அப்படின்னா வில்லுப்பாட்டுக்குத்தான் முதல்ல குடுக்கணும், வே. கோயில் கொடைல ராத்திரி முழுக்க ஓடுத கதையை 40 நிமிஷத்துக்கு நறுக்கினா தொடக்கத்துல பாடுத காப்பும் வருணனையும் முடியும்போதே மணி அடிச்சிருவாவ. சாமி பிறக்கவே இல்ல, அதுக்குள்ள எங்க வாழ்த்துப் பாட? நாங்க அதுக்குத் தனி நாள் கேக்கல.

இன்னொண்ணு, ஆள் கணக்கு. தனியாப் பிரிச்சா 50 பேர் வருவான். அந்த மண்டபம் 60 அடி நீளம், 40 அடி அகலம், 20 அடி உயரம்னு வையுங்க. 48,000 கன அடி. தரை டைல்ஸ், சுவர் பெயிண்ட், மேல கான்கிரீட். எதுவும் சத்தத்தைக் குடிக்காது. எதிர்முழக்கம் எவ்வளவு நேரம் நிக்கும்னு பாக்க ஒரு சூத்திரம் உண்டு: 0.049 பெருக்கல் கன அடி, வகுத்தல் உறிஞ்சுத பரப்பு. சத்தம் 60 டெசிபல் இறங்க ஆகுத நேரம் அதுல வரும். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 8,800 சதுர அடி. அதுல 100-க்கு 6 பங்கு உறிஞ்சும்னு வச்சா 528. ஒரு ஆளுக்கு நாலரை சேர்த்துக்கிடுங்க.

50 பேர் இருந்தா 3.1 வினாடி. 200 பேர் இருந்தா 1.65 வினாடி. கூட்டம்தான்வே உங்க சங்கீதத்தைக் காப்பாத்துது. சினிமாப் பாட்டுக்கு வந்தவன் உக்காந்திருக்கதுனாலதான் கமகம், அதாவது சுரத்தோட அசைவு, கேக்கு. அவனை அனுப்பிட்டா 3 வினாடி முழக்கத்துல வேகமா உருளுத பிருகா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கூழாப் போயிரும்.

பாரிநாயனம்:
கணக்கு சரி. ஆனா அதே மண்டபத்துலதான் நடத்தணும்னு யார் சொன்னா? 30 அடிக்கு 20 அடி, 12 அடி உயரம் உள்ள ஒரு அறையை எடுங்க. 7,200 கன அடி. உறிஞ்சுத பரப்பு 144, 50 பேருக்கு 225, மொத்தம் 369. முழக்கம் 0.96 வினாடி. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் மைக்கே வேண்டாம். பாடுதவுகளுக்கு ஒரே ஒரு மைக், அதுவும் லேசா. உம்ம சூத்திரம் எனக்குத்தான் சாட்சி சொல்லுது.

வில்லும்குடமும்:
பெரிய மண்டபத்துலயே பின்சுவர்ல திரை போட்டாப் போதாதோ?

மிக்ஸர்மேசை:
போதாது. 600 சதுர அடிக்குக் கனமான வெல்வெட் திரையை மடிப்பு மடிப்பாத் தொங்கவிட்டாலும் 50 பேருக்கு 2.3 வினாடிக்குத்தான் இறங்கும். அதுவும் மேல் சத்தத்துக்கு மட்டும். மிருதங்கத்தோட இடப்பக்கமான தொப்பி முழங்குத கீழ்ச் சத்தத்தைத் துணி பிடிக்காது, நேரா தாண்டிப் போயிரும். மண்டபத்தைச் சோதிக்கணும்னா ஒரு பலூனை உடைச்சு செல்போன்ல பதிவு பண்ணுங்க. முழக்கத்தோட வால் எவ்வளவு நீளம்னு காதே சொல்லிரும்.

நான் ரெண்டு கட்சியும் இல்ல. இப்ப கர்நாடக சங்கீதம் கெட்டுப்போவதுக்குக் காரணம் வரிசை. சினிமா செட்டு முதல்ல, கச்சேரி அதுக்குப் பின்னால. பேஸ் டிரம்முக்காகக் கீழ்ச் சத்தத்துக்குள்ள ஸ்பீக்கரான சப்-ஊஃபரை ஏத்தி, கீழயும் மேலயும் தூக்கி, நடுவைக் குழிச்சு வச்சிருப்பாவ. அதே அமைப்புல மிருதங்கம் வந்தா தொப்பி மண்டபத்தையே ஆட்டும், தம்புரா காணாமப் போவும், பாட்டு மூக்கடைச்ச மாதிரி இருக்கும். பத்து நிமிஷத்துல இதை யாரும் திருத்த முடியாது.

வழி இது. கச்சேரி முதல்ல, வில்லு ரெண்டாவது, சினிமா கடைசி. சவுண்ட் செக் மட்டும் தலைகீழா: மதியம் 3 மணிக்கு சினிமா செட்டு, அப்புறம் வில்லு, 5 மணிக்குக் கச்சேரி. கடைசியாச் சரி பண்ணினது அப்படியே மேடையில நிக்கும், 6 மணிக்கு ஒரு குமிழியும் தொடாம ஆரம்பிக்கலாம். டிஜிட்டல் மிக்ஸர்னா மூணையும் தனித்தனியாச் சேமிச்சிருங்க. பழைய மிக்ஸர்னா குமிழிகளை ஃபோட்டோ எடுத்து வையுங்க. கச்சேரிக்கு சப்-ஊஃபரை அணைச்சிரணும். பாடுதவுகளுக்கும் மைக்குக்கும் அரை அடின்னா பக்கத்து மைக் ஒன்றரை அடியாவது தள்ளி இருக்கணும். கிட்ட வச்சா ஒரே குரல் ரெண்டு மைக்ல ஏறி குழாய்க்குள்ளேருந்து வர்ற மாதிரி வெறுமையாக் கேக்கும். இடக்கை மிருதங்கக்காரர் வந்தா வயலினும் மிருதங்கமும் இடம் மாறும். அதை முன்கூட்டியே கேட்டுக்கிடுங்க, இல்லன்னா அந்த வயரை உருவதுக்கே அஞ்சு நிமிஷம் போயிரும்.

தொப்பிரவை:
ஏசி மண்டபத்தை யாரும் பேசல. மிருதங்கத்தோட வலப்பக்கமான வலந்தலைல சோறுங்கத கருப்பு வட்டம் நிரந்தரமா ஒட்டியிருக்கும், ஆனா தொப்பிக்கு ஒவ்வொரு தடவையும் ரவைதான். ரவையைத் தண்ணி விட்டு மெத்துன்னு பிசைஞ்சு, எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி, நடுவுல அப்பி விரலால வட்டமாத் தேய்க்கணும். ஏசி காத்து நேரா அடிச்சா முக்கால் மணி நேரத்துல காஞ்சிரும். ஈரம் போனா கனம் குறையும், கனம் குறைஞ்சா தொப்பியோட சுருதி ஏறும், கும்கிங்கத இழுவை நாதம் வராது. நனைச்ச விரலால ஒத்தி ஒத்தி எடுக்கணும். வலந்தலையும் அப்படித்தான். மழைநாள்ல தோல் தளர்ந்து இறங்கும், வெயில்ல ஏறும். கல்லால விளிம்புப் பின்னலை (மூட்டு) தட்டி, வார் போற ஒரு கண்ணைச் சரி பண்ணினா எதிர்க்கண்ணையும் பாக்கணும், 16 கண்ணும் ஒத்து வரணும். இதுக்கு மேடையில அமைதி வேணும். பக்கத்துல கீபோர்டுக்காரர் சோதனை பண்ணிக்கிட்டிருந்தா சுருதி எங்ஙன கேக்கும்? அதனால தனி நாள் கட்சி நான்.

வில்லும்குடமும்:
எங்க குடத்துக்கும் அமைதி வேணும்தான். அது போகட்டும்.

இந்தத் ‘தனி’ங்கத எண்ணமே இந்த மண்ணுக்குப் புதுசு. நாயனம் வளர்ந்தது ரதவீதில. நெல்லையப்பர் கோயில்ல சாமி புறப்படும்போது அதுக்குன்னே உள்ள மல்லாரியை நாயனத்துல வாசிக்காவ, தெருவுல நிக்க எல்லாருக்கும் அது கேக்கு, டிக்கெட்டு யார்கிட்ட கேட்டாவ? நாயனக்காரர் காருகுறிச்சி அருணாச்சலம், நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர். அவரே 1962-ல ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்கு எஸ். ஜானகி பாட்டோட ஆபேரி ராகம் வாசிச்சார். அந்த நாயனத்தைக் கேட்ட பிறகு ஆபேரின்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டவன் எத்தனை பேர்! எட்டயபுரத்துல 1835-ல அடங்கின முத்துசுவாமி தீட்சிதர் இங்கிலீஷ் பேண்டு மெட்டுகளுக்கே ஏறக்குறைய 40 சாகித்யம் பண்ணியிருக்கார். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து கழுகுமலை வழியில நடக்கவன் பாட்டு, இன்னிக்குக் கச்சேரி மேடையில துக்கடா. கலந்துதான் எல்லாம் வாழ்ந்துச்சு.

பாரிநாயனம்:
கலந்துச்சு, சரி. ஆனா ஒண்ணை மறைக்கீரு. வீதியில நாயனம் நடந்துக்கிட்டே முழு ராகத்தையும் வாசிச்சிரல. மூலைக்கு மூலை சாமியை நிறுத்தி, அங்கதான் ராகத்தை விரிச்சாவ. கேக்கவன் சுத்தி நின்னான். நிக்க இடமும் நேரமும் அதுக்குன்னு இருந்துச்சு. அதே எட்டயபுரத்துலேருந்து 1904-ல சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சுல கொண்டுவந்தார். ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி போட்டார். அத்தனை நுணுக்கத்தை எழுதிவைக்க சமஸ்தானத்து ஆதரவு வேண்டியிருந்துச்சு. 40 நிமிஷ மேடை அந்தப் புஸ்தகத்தைத் தந்திருக்காது.

வில்லும்குடமும்:
சமஸ்தானம் எல்லாருக்கும் சம்பளம் குடுக்கல அண்ணாச்சி. தனி இடம்னு ஒண்ணு வந்தா வாசல்ல யார் நிக்கதுங்கதும் கூடவே வரும். இன்னிக்கும் எத்தனை சபாவுல நாயனமும் தவிலும் துவக்க நாள் மங்கல இசைக்கு மட்டும் கூப்பிடுதாவ, சாயங்கால முக்கிய நேரம் வாய்ப்பாட்டுக்கு? உம்ம பேர்லயே பாரிங்கத நீள நாயனம் இருக்கு, உமக்குத் தெரியாததா?

பாரிநாயனம்:
தெரியும். அதுல உம்ம பக்கம்தான். தனி நாள் வந்தா வருஷத்துல நாலு மாசம் நாயனத்துக்குன்னு எழுதிருவோம். ஆனா நாயனத்தை அந்தச் சின்ன அறையில வைக்கக் கூடாது, காது கிழிஞ்சிரும். கோயில் பிரகாரம் இல்லன்னா திறந்த முற்றம், மைக் இல்லாம. வாயில வச்சு ஊதுத சீவாளி ஈரமா இருக்க ஏசி இல்லாத இடம்தான் நல்லது.

மிக்ஸர்மேசை:
அப்ப ரெண்டையும் வைங்க. மாசக் கூட்டத்துல 40 நிமிஷம் அப்படியே இருக்கட்டும், வரிசையை மட்டும் நான் சொன்ன மாதிரி மாத்துங்க. அந்த 40-ல மெயின் வேண்டாம். ரெண்டு கீர்த்தனை, ஒரு காவடிச்சிந்து. கேட்டுட்டு இன்னும் வேணும்னு நினைக்கவன் மூணு மாசத்துக்கு ஒரு தடவை சின்ன அறைக்கு வரட்டும், அங்க ரெண்டரை மணி நேரம். தனி ஆவர்த்தனம் எட்டே கால் மணிக்குள்ள வர்ற மாதிரி திட்டம் போடுங்க. எட்டரைக்கு மேலன்னா பாதிப்பேர் கண்ணு பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கும்.

தொப்பிரவை:
சின்ன அறையில ஃபேன்? ரவை காயும், மைக்ல காத்து இரையும். சித்திரைல 50 பேரை ஃபேன் இல்லாம உக்கார வச்சா யாரும் ரெண்டாவது தடவை வரமாட்டான்.

பாரிநாயனம்:
ஆள்கள் தலைக்கு மேல ஓடட்டும், மேடைக்கு மேல உள்ளதை மட்டும் நிறுத்துங்க. முதல் தடவையை மார்கழில வைப்போம், வெக்கைத் தொல்லை இருக்காது.

வில்லும்குடமும்:
மார்கழி உங்களுக்குன்னா கார்த்திகை வில்லுக்கு. சித்திரை, ஆடின்னா கொடை சீசன், செட்டு ஒண்ணும் சிக்காது. ஒரு முழுக் கதை, காப்புலேருந்து வாழ்த்து வரை, ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பம். நீரும் கடைசி வரை உக்காரணும் பாரிநாயனம், கணக்கு சரியாப் போவும்.