புதுப்பிப்பு: அம்மோனியா விதிமாற்றங்களை எப்படிக் கவனிப்பது?

குமரி மாவட்டத்து மீன்பிடித் துறைமுகங்களான சின்னமுட்டம், குளச்சலில் உள்ள ஐஸ் பிளான்ட்காரர்களுக்கும் ரப்பர் பாலில் அம்மோனியா சேர்ப்பவர்களுக்கும் முன்பு இங்கே எழுதியதன் தொடர்ச்சி. "அம்மோனியா இருப்பு 60 டன்னுக்குக் கீழே இருந்தால் எந்த விதியும் இல்லையா?" என்பதுதான் பலரும் கேட்டது.

அப்படியில்லை. 1989 அபாய ரசாயன விதிகளின் 2-ஆம் அட்டவணையில், தனிச் சேமிப்புக்கான (ஆலையோடு சேராத கிடங்கு) அம்மோனியா வரம்பு 60 டன். ஆனால் அம்மோனியா 1-ஆம் அட்டவணைப் பட்டியலிலேயே இருப்பதால், அதைத் தொழிலில் பயன்படுத்தும் ஆலைகளில் 4-ஆம் விதி சிறிய அளவுக்கும் பொருந்தும்: ஆபத்தை இனங்காண வேண்டும், வேலையாட்களுக்குப் பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் தர வேண்டும். ஒரே உரிமையாளரின் கிடங்குகள் 500 மீட்டருக்குள் இருந்தால் அளவைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அம்மோனியா சிலிண்டருக்குப் பொருந்துவது 2016 எரிவாயு உருளை விதிகள். கைமாறிக்கொண்டிருக்கும் 2004 உருளை விதிகளின் பிரதியைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள், அது காலாவதியானது.

மாற்றத்தைக் கண்காணிக்க வாட்ஸ்அப் செய்தி போதாது. மத்திய அரசின் அறிவிக்கைகள் வெளியாகும் மின்-அரசிதழ் இணையதளத்தில் தேடுங்கள். முதலில் அது வரைவா, இறுதி அறிவிக்கையா என்று பாருங்கள். வரைவு என்றால் ஆட்சேபம் சொல்லலாம், அமல் இல்லை. இறுதி என்றால் அறிவிக்கை எண், வெளியான தேதி, அமலாகும் தேதி, மாறிய விதி எண், பழைய வரி, புதிய வரி எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். வெளியான தேதியும் அமல் தேதியும் சில நேரம் வேறுவேறாக இருக்கும். திருத்த அறிவிக்கையில் மாறிய சொற்கள் மட்டுமே இருக்கும். மூல விதியோடு சேர்த்து வாசிக்காவிட்டால் ஒன்றும் விளங்காது.