பழைய படகுப் பலகையில் வீட்டுப் பேர்: தமிழ் ஸ்டென்சில் வெட்டுவது எப்படி?

தேவனாம்பட்டினம்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட மரப் படகைப் பிரிச்சப்போ பக்கப் பலகை ஒண்ணை மட்டும் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். மூணடி நீளம், ஒரு சாண் அகலம். ஒரு ஓரத்துல நீல பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. ஆணி இருந்த ஓட்டைகளைச் சுத்திக் கருப்பா வட்டம் விழுந்திருக்கு. அதுல 'கடலகம்'னு எழுதி வாசல்ல மாட்டணும். பளபளன்னு வேண்டாம். படகுல நம்பர் போட்ட மாதிரி, ஸ்டென்சில் (எழுத்து வெட்டின தகடு) வச்சு அடிச்சதுன்னு பார்த்தாலே தெரியணும்.

ரெண்டு சந்தேகம். 'க'வை வெட்டினா சுழிக்குள்ள இருக்கிற துண்டு தனியா விழுந்துடுமே, அதை எப்படி நிறுத்துறது? அடுத்தது, எங்க தெருவுல மரத்துல எழுதின போர்டெல்லாம் ஒரு மழைக்காலம் தாண்டினா உரிஞ்சிடுது. கடலுக்கு இவ்வளவு கிட்ட மரத்துல பெயிண்ட் நிக்குமா?

கெடிலக்கரை:

நிக்கும் தங்கச்சி. நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல போர்டு எழுதுறவன். இப்படி ஒரு பலகை கைக்கு வந்தா விடவே மாட்டேன். அந்தக் கருப்பு வட்டத்தைத் தேய்ச்சு எடுத்துடாதீங்க. ஆணியோட இரும்பும் மரத்துல இருக்கிற துவர்ப்பும் சேர்ந்து வந்த கறை அது. எந்தச் சாயத்துலயும் அந்தக் கருப்பு வராது.

முதல்ல உப்பு. பெயிண்ட் உரியறதுக்குப் பாதி காரணம் மரத்துக்குள்ளயே இருக்கு. உப்பு ஏறின பலகை காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், மேல எதைப் பூசினாலும் தூக்கிவிட்டுடும். நல்ல தண்ணியில ஊறப் போடுங்க, தண்ணியை மாத்தி மாத்தி ஊத்துங்க. அப்புறம் நிழல்ல, ரெண்டு பக்கமும் காத்து போற மாதிரி நிமிர்த்தி வச்சுக் காய விடுங்க. வெயில்ல போட்டா வெடிச்சிடும். காஞ்ச பிறகு வெள்ளையாப் பூத்திருந்தா உப்பு இன்னும் போகலைன்னு அர்த்தம், திரும்ப ஊற வைக்கணும். ஐப்பசி, கார்த்திகையில இந்த வேலையைத் தொடாதீங்க. தை பொறக்கட்டும்.

இப்போ எழுத்து. தமிழ்ல 'ட', 'ப', 'ர' எல்லாம் வெட்டச் சுகமா இருக்கும். 'க', 'ம' ரெண்டுலயும் மூடின சுழி இருக்கு. நீங்க வரையற 'ல'வோட சுழியும் மூடியிருந்தா அதுக்கும் இதே கணக்குதான். அந்தச் சுழிக்குள்ள இருக்கிற துண்டை வெளிப் பக்கத்தோட பிடிச்சு வைக்க மூணு மில்லிமீட்டர் அகலத்துல பாலம் விடணும். சுழிக்கு ரெண்டு பாலம், எதிரெதிரா. ஒண்ணு மட்டும் விட்டா பிரஷ்ஷால ஒத்தும்போது துண்டு ஆடும், ஓரம் கலங்கிடும். 'க'வுல ஒரு பாலத்தை மேலயும் ஒண்ணைக் கீழயும் வையுங்க. ரெண்டு 'க'வுலயும் அதே இடத்துல வந்தாதான் பார்க்க ஒழுங்கா இருக்கும். படகு நம்பர் மாதிரி வேணும்னு சொல்றீங்களே, அந்தப் பாலத்தோட இடைவெளிதான் அந்தத் தோற்றத்தையே கொடுக்குது. பெயிண்ட் அடிச்ச பிறகு அதை நிரப்பிடாதீங்க. 'ம்' மேல வர்ற புள்ளியை எழுத்துல இருந்து அரை இஞ்சாவது தள்ளி வெட்டுங்க. நெருங்கி இருந்தா நடுவுல இருக்கிற பட்டை கிழிஞ்சிடும்.

சார்ட் பேப்பர் வேண்டாம், ஈரத்துல ஊதிப்போகும். ஓ.எச்.பி. ஷீட் (கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் தாள்) இல்லேன்னா பழைய எக்ஸ்ரே ஃபிலிம் எடுத்துக்கங்க. எழுத்துக்கு ஒரு தகடுன்னு தனித்தனியா வெட்டுங்க. 'க' ரெண்டு தடவை வர்றதால நாலு தகடு போதும். உயரம் அஞ்சு இஞ்ச் வையுங்க. பத்தடி தூரத்துக்கு ஒரு இஞ்ச்ங்கறது எங்க தொழில் கணக்கு, அம்பதடியில இருந்து படிக்கலாம். மேலயும் கீழயும் ரெண்டு ரெண்டு இஞ்ச் மரம் தெரியும்.

அடிக்கறதுக்கு முன்னாடி 120 நம்பர் உப்புத்தாளால, நீல பெயிண்டைத் தொடாம, மரத்தோட ரேகை ஓடுற திசையிலயே தேயுங்க. வழவழன்னு ஆக்க வேண்டாம், சிலாம்பு போனா போதும். தகட்டை மாஸ்கிங் டேப்பால ஒட்டிட்டு, வெட்டின ஓரம் முழுக்க மேட் (பளபளப்பு இல்லாத) வார்னிஷ் லேசா ஒத்துங்க. ஓரத்துல இருக்கிற சந்தை அது அடைச்சிடும், பெயிண்ட் உள்ள ஊறாது. அது காஞ்சதும் வெளிப்புற அக்ரிலிக் பெயிண்ட். பிரஷ்ஷைப் பேப்பர்ல ஒத்தி ஒத்தி, கிட்டத்தட்ட ஈரமே இல்லைங்கற நிலையில, நேரா மேல இருந்து குத்துங்க. இழுக்கக் கூடாது. ரெண்டு மூணு மெல்லிய பூச்சு. நல்லாக் காஞ்சதும் 220 உப்புத்தாளால அங்கங்க லேசா தேய்ச்சா பழசாத் தெரியும்.

முத்தியால்பேட்டை:

புதுச்சேரியில லேசர்ல வெட்டிக் கொடுக்கற கடைங்க இருக்கு. ஃபைல் கொடுத்தா சீக்கிரம் முடிஞ்சிடும், இவ்வளவு மெனக்கெடணுமா?

கெடிலக்கரை:

தகட்டை லேசர்ல வெட்டறதுல தப்பே இல்ல தம்பி, பாலத்தை ஃபைல்லயே வரைஞ்சு கொடுக்கணும், அவ்வளவுதான். அடிக்கறது மட்டும் கையால இருக்கட்டும். பலகை எங்க மேடு, எங்க பள்ளம்னு கைக்குத்தான் தெரியும்.

பண்ருட்டிப்_பலா:

படகுப் பலகை கிடைக்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல எங்க பக்கம் பலாவும் முந்திரியும் கொத்துக் கொத்தா சாய்ஞ்சுது. அப்போ அறுத்து வச்ச பலாப் பலகை சில வீட்டுப் பரண்ல இன்னும் கிடக்கு, கேட்டுப் பாருங்க. புதுசா அறுத்தப்போ மஞ்சளா இருக்கிற மரம், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாயிடும். சாயமே தேவையில்ல. சரக்கு இறக்குற பேலட் மரம்னா முத்திரையைப் பாருங்க. எச்.டி. (HT)ன்னா சூடேத்திப் பக்குவம் பண்ணினது. எம்.பி. (MB)ன்னு இருந்தா மீத்தைல் புரோமைடு விஷப்புகை போட்டது, வீட்டுக்குள்ள எடுத்துட்டு வராதீங்க.

தேவனாம்பட்டினம்_பொண்ணு:

ரொம்ப நன்றிண்ணா, பாலம் விஷயம் இப்பப் புரிஞ்சுது. அந்த நீல பெயிண்ட் அப்பா கையால அடிச்சது, அப்படியே விடலாமா? கடைசியில வார்னிஷ் பளபளப்பா, மேட்டா? எப்படி மாட்டறது?

கெடிலக்கரை:

அதை எதுக்கு எடுக்கணும்? விட்டுடுங்க. ஆனா காஞ்ச நிலையில தேய்க்காதீங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) தாண்டக் கூடாதுன்னு விதி போட்டதே 2016-லதான், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. உதிர்ற செதிலை மட்டும் ஈரத்துணியால துடைச்சு எடுங்க. முகத்துல மாஸ்க் இருக்கணும், பிள்ளைங்க பக்கத்துல இருக்கக் கூடாது. மிச்சத்து மேல வார்னிஷ் பூசிட்டா உதிராது.

வெளிப்புறத்துக்கான பாலியூரித்தேன் வார்னிஷ், மேட். முன்பக்கம் பூசற அளவு பின்பக்கமும் பூசணும், இல்லேன்னா பலகை வளையும். அறுத்த ரெண்டு முனையும் தண்ணியைக் குடிக்கற இடம், அங்க ஒரு பூச்சு கூடவே போடுங்க. ஸ்க்ரூ 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா கேட்டு வாங்குங்க, உங்க தெருக் காத்துக்கு சாதா ஸ்க்ரூ துருப்பிடிச்சு எழுத்து மேலயே வழியும். சுவருக்கும் பலகைக்கும் நடுவுல வாஷர் வச்சு அரை இஞ்ச் இடைவெளி விடுங்க. தகடு வரைஞ்சதும் வெட்டறதுக்கு முன்னாடி படம் எடுத்துப் போடுங்க, பாலம் எங்கன்னு குறிச்சுத் தர்றேன்.