இருபது பேர் கூடிய ஆர்ப்பாட்டத்தால் என்ன பயன்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கூட்டம் குறைவாக இருந்தாலே "போராட்டம் பிசுபிசுத்துவிட்டது" என்று அன்று மாலையே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எங்கள் பகுதி நூலகத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அதன் வாசலில் நின்றோம். இருபது பேர் இருந்தாலே அதிகம். கோஷம் போட்டால் குரல் எழும்பவில்லை. எங்களோடு நின்ற ஓர் அக்கா மட்டும் கையில் நோட்டோடு சுற்றிக்கொண்டிருந்தார். நின்று விசாரித்தவர்களிடமெல்லாம் பெயர், போன் நம்பர் வாங்கினார். மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, "உங்களால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒருவர் மனு எழுதித் தருவதாகச் சொன்னார். ஒரு மாணவி பதாகை வரைவதாகச் சொன்னாள். அடுத்த கூட்டத்துக்கு ஆள் சேர்ந்தது அந்த நோட்டிலிருந்துதான். நூலகத்தை மூடவில்லை, நேரத்தைத்தான் குறைத்திருக்கிறார்கள். ஆனால் அன்று பெயர் கொடுத்தவர்களில் பலர் இப்போது பேருந்து வழித்தடப் பிரச்சினையிலும் நிற்கிறார்கள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? புதிதாக வந்தவர் எத்தனை பேர், அவர்களில் பொறுப்பு ஏற்றவர் எத்தனை பேர் என்றுதான் நான் பார்க்கிறேன். உங்கள் அனுபவம் எப்படி?

பதில் 1

நீங்கள் சொல்வது உண்மை, தோழர். நான் இதற்கு நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். திடல் நிரம்பிய கூட்டம், நல்ல பேச்சு, எல்லா ஊடகமும் வந்தது. கலைந்துபோனபோது யாரிடமும் யாருடைய நம்பரும் இல்லை. அடுத்த மாதம் கூப்பிட ஆளில்லை.

1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில், ஒரு கடைக்குள் வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய உணவு மேசையில் போய் உட்கார்ந்த கறுப்பின மாணவர்கள் நான்கே பேர். சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள், மற்ற நகரங்களுக்கும் பரவியது. அந்த நால்வரின் துணிச்சலைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அந்த ஏப்ரலில் எலா பேக்கர் என்ற மூத்த அமைப்பாளர் பல ஊர் மாணவர்களையும் ஓரிடத்தில் கூட்டினார். அதிலிருந்துதான் வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. அந்தக் கூட்டம் நடக்காமல் இருந்திருந்தால் அலை அடித்து ஓய்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பதில் 2

நாளும் நேரமும் முக்கியம். வேலை நேரத்தில் ஆர்ப்பாட்டம் வைத்துவிட்டு, மக்களுக்கு அக்கறை இல்லை என்று குறைபடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 1977 ஏப்ரல் 30 அன்று, ராணுவ ஆட்சி காணாமலாக்கிய பிள்ளைகளைக் கேட்டு அர்ஜென்டினாவின் மே சதுக்கத்தில் 14 தாய்மார்கள் கூடினார்கள். அது சனிக்கிழமை, சதுக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. கிழமையை மாற்றினார்கள், கடைசியில் வியாழன் நிலைத்தது. கும்பலாக நிற்கக் கூடாது என்று போலீஸ் விரட்டியபோது இருவர் இருவராக நடக்கத் தொடங்கினார்கள். அடுத்து எப்போது, எங்கே என்பது யாவருக்கும் தெரிந்ததால் புதியவர்கள் வந்து சேர முடிந்தது.

பதில் 3

ஒரு மாற்றுக் கருத்து. 1968 ஆகஸ்ட் 25 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படை புகுந்ததை எதிர்த்து மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். சில நிமிடங்களில் கைது. சிறை, உள்நாட்டிலேயே தொலைதூர ஊர்களுக்கு அனுப்புதல், மனநல மருத்துவமனை என்று சிதறடித்தார்கள். நோட்டில் பெயர் எழுதித் தர அங்கே யாரால் முடியும்? "எங்கள் பெயரில் இதைச் செய்யாதே" என்று சொல்வதற்காகவே சிலர் நிற்கிறார்கள். அவர்களிடம் போய் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று கேட்க எனக்கு மனம் வராது. உங்கள் அக்காவின் நோட்டு நல்ல அளவுகோல்தான், ஆனால் பெயர் கொடுத்தால் ஆபத்தில்லாத இடத்துக்கு மட்டும்.