செவன்டி த்ரீக்கு வால் எதற்கு?

கோட்டைச்சுவர் | காலை 6:10
நேற்று இங்கே ஒருவர், உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம்களுக்காக, "ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு இருபது சொற்கள்" என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். கியூடிஎச் என்றால் இருக்கும் இடம், கியூஎஸ்எல் என்றால் கிடைத்தது, கியூஆர்பி என்றால் குறைந்த பவர். சரி, பரவாயில்லையே என்று படித்துக்கொண்டு வந்தேன். கடைசி வரியில் தூக்கிவாரிப் போட்டது. பேச்சை முடிக்கும்போது "செவன்டி த்ரீஸ்" சொல்ல வேண்டுமாம். த்ரீஸ்! 73 என்றாலே நல்வாழ்த்துகள் என்றுதான் பொருள். அதன் வாலில் ஒரு 'ஸ்' ஒட்டினால் நல்வாழ்த்துகள்கள். முதலில் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் பட்டியல் போடலாம்.

காட்பாடி நிலா | காலை 6:48
வணக்கம் ஐயா. அந்தப் பட்டியல் நான் போட்டதுதான். ஹாம் உரிமத்துக்கான ஏஎஸ்ஓசி தேர்வுக்குப் படிக்கிறேன். எனக்காக நோட்டில் எழுதி வைத்ததைத்தான் போட்டேன். ரேடியோவில் கேட்கும்போது பாதிப் பேர் த்ரீஸ் என்றுதான் சொல்கிறார்கள். மாற்றிவிடுகிறேன்.
அப்படியே ஒரு சந்தேகம். 143-ஐ 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்து, 20 மீட்டர் கம்பி வெட்டி, மாடியில் டைபோல் ஆன்டெனா கட்டியிருக்கிறேன். ஒரு முனை தண்ணீர் டேங்க் குழாயில், மறுமுனை முருங்கை மரத்தில். இரவல் வாங்கிய நானோவிஎன்ஏ என்ற ஆன்டெனா சோதிக்கும் கருவியில் பார்த்தால், எஸ்டபிள்யூஆர் (1-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது) 3-க்குக் கீழே இறங்கவே இல்லை. என்ன செய்யலாம்?

ஏலகிரிக்காற்று | காலை 7:05
மாற்றாதே தங்கச்சி. பாதிப் பேர் சொல்வதைத்தான் எழுதியிருக்கிறாய், அதில் என்ன தப்பு? 1857-இல் அமெரிக்கத் தந்திக்காரர்களிடம் 73 என்றால் "உனக்கு என் அன்பு". 1859-இல் வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனம் '92 கோட்' என்ற எண் பட்டியலைக் கொண்டுவந்தபோது அது வேறு மாதிரி ஆனது. நல்வாழ்த்து என்பதெல்லாம் பிறகு வந்தது. அர்த்தமே இத்தனை தடவை மாறிய எண்ணுக்கு ஒரு 'ஸ்' தாங்காதா?

கோட்டைச்சுவர் | காலை 7:11
அர்த்தம் மாறியது. 'ஸ்' சேர்ந்ததா? 31 வருஷம் தந்தி ஆபீசில் விரல் தேய்ந்தவன் நான். நம் தந்தியிலும் தீபாவளிக்கு ஒரு எண், கல்யாணத்துக்கு ஒரு எண் இருந்தது. ஊரில் பத்துக் கல்யாணம் நடந்தாலும் எண் அதேதான் இருந்தது. யாரும் 'ஸ்' போட்டு அனுப்பவில்லை.
மோர்ஸ் கீயில் 73 அடித்துப் பாருங்கள் (திட் என்றால் புள்ளி, தா என்றால் கோடு). தா தா திட் திட் திட், திட் திட் திட் தா தா. கண்ணாடியில் முகம் பார்த்த மாதிரி இருக்கும். பின்னால் எஸ் போட்டால் இன்னும் மூன்று திட். முகத்தில் மூக்குக்குக் கீழே இன்னொரு மூக்கு.

ஏலகிரிக்காற்று | காலை 7:30
அந்த அழகு இன்றைய மோர்ஸில்தான் சார். 1859-இல் அங்கே ஓடியது அமெரிக்கன் மோர்ஸ். அதில் 7 என்பது தா தா திட் திட், 3 என்பது திட் திட் திட் தா திட். கண்ணாடியும் கிடையாது, முகமும் கிடையாது. 31 வருஷத்தில் யாரும் சொல்லவில்லையா?

கோட்டைச்சுவர் | காலை 7:33
அதில் 'ஸ்' இருந்ததா? அதைச் சொல்லுங்கள்.

குடியாத்தம் தறி | காலை 8:02
பட்டியலில் உண்மையான பிழை வேறு இடத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு எல்இடி பல்பின் இரைச்சலை கியூஆர்என் என்று போட்டிருக்கிறார். கியூஆர்என் என்பது இடி மின்னல் மாதிரி இயற்கையாக வரும் இரைச்சல். பல்பு, மோட்டார், பக்கத்து ஸ்டேஷன் எல்லாம் ஹாம்கள் பேச்சில் கியூஆர்எம். தேர்வில் இதைத்தான் கேட்பார்கள்.

கோட்டைச்சுவர் | காலை 8:06
அதை அவர் படித்துத் திருத்திக்கொள்வார். 'ஸ்' அப்படி இல்லை, நாக்கில் ஒட்டினால் போகாது.

ஆரணிக்காரன் | காலை 8:20
ஒரு திருத்தம். 'நல்வாழ்த்துக்கள்' என்று 'க்' போட வேண்டும்.

கோட்டைச்சுவர் | காலை 8:22
வேண்டாம். வாழ்த்து, வாழ்த்துகள். 'க்' போட்டால் வாழ்த்தும் கள்ளும்.

ஆரணிக்காரன் | காலை 8:25
எங்கள் ஊரில் எல்லாக் கல்யாணப் பேனரிலும் 'க்' இருக்கிறது. யாரும் கள் கேட்டு வரவில்லை.

காட்பாடி நிலா | காலை 8:41
தறி அண்ணா, நன்றி. கியூஆர்எம் என்று திருத்திவிட்டேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். ரேடியோக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் எல்லாரும் என்னை ஓஎம் என்கிறார்கள். ஓல்ட் மேன். எனக்கு 22 வயது. பெண் என்று சொன்னதும் ஒய்எல், யங் லேடி என்றார்கள். கல்யாணமானால் எக்ஸ்ஒய்எல், அதாவது முன்னாள் இளம்பெண்ணாம். இதை எழுதியபோது பட்டியலைக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது.
(டைபோல் கேள்விக்கு யாராவது...)

ஏலகிரிக்காற்று | காலை 8:50
பார்த்தீர்களா சார்? மனைவியை 'முன்னாள் இளம்பெண்' என்பது மரபு, வாழ்த்தில் ஒரு 'ஸ்' வந்தால் குற்றம். 2004 சுனாமியில் போர்ட் பிளேரிலிருந்து ஹாம்கள் செய்தி அனுப்பியபோது யார் 'ஸ்' எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்?

கோட்டைச்சுவர் | காலை 8:58
ஆபத்து வேளையில்தான் சொல் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து கூடினால் ஊர் மாறிப்போகும். அதுதான் தந்தி. நீங்கள் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமக்காரர், மோர்ஸ் தேர்வே எழுதாமல் மைக்கைப் பிடித்தவர். உங்களிடம் இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

ஏலகிரிக்காற்று | காலை 9:04
வந்துவிட்டதா கிரேடு! போன வருஷம், எல்லாரும் ரேடியோவில் கூடும் ஞாயிற்றுக்கிழமை நெட்டில் நான் மூன்று தடவை கூப்பிட்டும் காதில் விழாத மாதிரி அடுத்த ஆளுக்குப் போனீர்களே, அதுவும் கிரேடு பார்த்துத்தானா?

கோட்டைச்சுவர் | காலை 9:06
மூன்று தடவையும் த்ரீஸ் என்றே ஆரம்பித்தீர்கள். முடிக்கும்போது சொல்வதை எடுத்த எடுப்பில் சொன்னால், முடித்துவிட்டீர்கள் என்றுதானே நினைப்பேன்?

குடியாத்தம் தறி | காலை 9:15
நிலா, மரத்துப் பக்கம் கம்பி இலையில் உரசுகிறதா என்று பார். டேங்க் இரும்புக் குழாய் என்றால் முனையை நைலான் கயிறு கட்டிக் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி நிறுத்து.

ஏலகிரிக்காற்று | காலை 9:21
சுத்தம் பேசும் கோட்டைச்சுவர் சார் ரேடியோவில் சொல்லும் கியூடிஎச் என்ன தெரியுமா? "வட ஆற்காடு"! அது 1989-இலேயே இரண்டாக உடைந்தது. மிச்சம் இருந்த வேலூரும் 2019-இல் மூன்றாகப் போனது. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்மூரைச் சொல்வார்கள். இப்போது மாவட்டம் இல்லாத கியூடிஎச்சும் சேர்ந்துகொண்டது.

ஆரணிக்காரன் | காலை 9:24
நாங்களும் வட ஆற்காடுதான். எங்களைத் திருவண்ணாமலையில் சேர்த்தது யாரைக் கேட்டு?

கோட்டைச்சுவர் | காலை 9:29
நான் பிறந்தது வட ஆற்காடு. கியூடிஎச் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான் சொல்வேன். அதற்கும் 'ஸ்' போட மாட்டேன்.

காட்பாடி நிலா | காலை 10:12
அண்ணா, குழாய் இரும்புதான். கயிறு கட்டித் தள்ளி நிறுத்தினேன். 1.8-க்கு வந்துவிட்டது! எல்லாருக்கும் நன்றி. செவன்டி த்ரீ.

ஏலகிரிக்காற்று | காலை 10:14
பயப்படாதே தங்கச்சி, தைரியமாக 'ஸ்' போடு.

கோட்டைச்சுவர் | காலை 10:15
போடாதே அம்மா.