கிளுவை வேலியில் தனியாக இருந்த தேவாங்குக் குட்டி

அய்யலூருக்குப் பக்கத்தில் என் மாமனாருக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம். சுற்றிலும் கிளுவை வேலி. அதைத் தாண்டினால் உசிலையும் வேலமும் திருகுகள்ளியுமாகக் கரடு ஏறிப்போகும். அங்கே தேவாங்கு உண்டு என்று கேள்விப்பட்டு, ஒரு தை மாத இரவில் நெற்றி டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொண்டு போனேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் அதற்குக் கண் கூசும். சிவப்புக்கு அவ்வளவாக மிரளாது.

முதலில் குரல்தான். இருட்டிக் கொஞ்ச நேரத்தில், யாரோ நீளமாகச் சீழ்க்கை அடித்த மாதிரி. கால் கிலோ தேறுமா என்கிற உடம்பிலிருந்தா இந்தச் சத்தம் என்று ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் உசிலைக் கிளையில் ரெண்டு கங்கு மின்னியது. வாலே கிடையாது, குச்சி மாதிரி கைகால். தாவவே தாவாது, ஒரு கை பிடித்தபின்தான் அடுத்த கையை எடுக்கும். பின்னங்கால் இரண்டாலும் கிளையைக் கவ்வித் தலைகீழாகத் தொங்கியபடி, முன்கை இரண்டையும் சட்டென்று நீட்டி ஒரு பூச்சியைப் பிடித்ததைப் பார்த்தேன். அந்த ஒரு நொடி மட்டும்தான் வேகம்.

எட்டரை மணி இருக்கும். வேலியில் என் நெஞ்சு உயரத்தில் ஒரு குட்டி. கைப்பிடிக்குள் அடங்கிவிடும். கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. அரைமணி நேரம் நின்றும் தாயைக் காணோம். விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, அதைத் துண்டில் பொதிந்து எடுத்துவிட்டேன். வழியில் ஆட்டுக்கிடை போட்டிருந்த பெரியவர் பார்த்துப் பதறிப்போனார். "எடுத்த எடத்துலயே விட்டுருங்க தம்பி. தாய்க்காரி மேயப் போயிருப்பா, விடியறதுக்குள்ள வந்து தூக்கிக்குவா."

திரும்பப் போய் அதே கிளையில் விட்டேன். விரல்கள் ஒவ்வொன்றாகப் பற்றும்வரை என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. தள்ளிப் போய், விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவ்வப்போது மட்டும் சிவப்பு வெளிச்சம். பதினோரு மணிவாக்கில் பெரியது ஒன்று வந்து குட்டியின் தலையை நக்கியது. ரெண்டும் கொஞ்ச நேரம் விளையாடின. தாய்தான் என்று நினைத்தேன். ஆனால் குட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. நாலரைக்கு இன்னொன்று வந்தது. குட்டி அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. இரண்டும் கள்ளிப் புதருக்குள் மறைந்தன.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதல் சில வாரம் தாய் சுமந்துகொண்டே திரியும். அதன்பின் பொழுது சாய்ந்ததும் கிளையில் விட்டுவிட்டுத் தனியாக இரை தேடப் போகும். அந்த நேரத்தில், தாயோடு ஒன்றாகத் தூங்கும் கூட்டத்து ஆண்கள் வந்து குட்டியோடு பழகுவதைத் திண்டுக்கல் பகுதியிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் பதினோரு மணிக்குப் பார்த்தது அப்படியொரு ஆணாக இருக்கலாம்.

கண்டிப்பாகச் சொன்னால் தேவாங்கு குரங்கு இல்லை, குரங்குக்குத் தூரத்துச் சொந்தம். உண்மையான குரங்குகளில் இரவில் நடமாடுவது தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் காடுகளின் ஆந்தைக்குரங்கு மட்டும்தான். அங்கே குட்டியைப் பெரும்பாலும் சுமப்பதே அப்பன். பால் குடிக்க மட்டும் தாயிடம் போகும்.

2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். அதற்கு வெளியே, எங்கள் மாதிரி வேலிகளிலும் இவை வாழ்கின்றன. தனியாகக் குட்டியைப் பார்த்தால் தயவுசெய்து தொடாதீர்கள்.

* * *

அண்ணே, நான் நத்தம் பக்கம். போன வருசம் ராத்திரி பைக்கில் வரும்போது நடுரோட்டில் ஒன்று. காய்ந்த குச்சி என்றுதான் நினைத்தேன். மரத்தில் அத்தனை நேர்த்தியாகப் போகிறது, தார் ரோட்டில் பிடிக்க ஒன்றுமில்லாமல் வயிறு தரையில் படத் தள்ளாடியது. வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் வந்த லாரிக்குக் கை காட்டினேன். டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, அது கடக்கும்வரை கூடவே நின்றார். முன்பெல்லாம் அந்த இடத்தில் ரெண்டு பக்கத்துப் புளியமரமும் மேலே கைகோத்துக் கிடக்கும். ரோட்டை அகலப்படுத்தினபோது வெட்டிவிட்டார்கள். தாவத் தெரியாததுக்கு அந்தக் கிளைதானே பாலம்.

* * *

நான் திருகோணமலை. எங்கட பக்கமும் இந்தச் சாம்பல் தேவாங்குதான். சிவலைத் தேவாங்கு தெற்கில, ஈரவலயக் காடுகளில இருக்கு. சின்ன வயசில வளவுக்குப் பின்னால அது கத்தினால் அம்மம்மா கதவைச் சாத்திப்போடுவா, கெட்ட சகுனமாம். அதுக்காகவே ஆக்கள் கல்லெறிஞ்சு கொன்றதும் உண்டு. நாலு வருசத்துக்கு முந்தி அவவைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய், பாலை மரத்தில குட்டியோட இருந்ததைக் காட்டினன். கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டா. இப்ப சத்தம் கேட்டால் "பிள்ளை, அது வந்திட்டுது, வெளி லைற்றை நூர்" எண்டு அவதான் சொல்லுவா.