அத்லெட்டிக் டிரெய்னிங் படிப்பில் சுகாதாரக் கல்விப் பாடம் கட்டாயமாக வேண்டுமா?

கரிகாலன்:
அமெரிக்காவில் அத்லெட்டிக் டிரெய்னிங் முதுநிலை முதலாண்டில் இருக்கிறேன். ஜிம்மில் எடை தூக்கச் சொல்லித்தரும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு. ஆட்டக்காரருக்கு அடிபட்டால் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது, எலும்பா தசைநாரா என்று கண்டுபிடிப்பது, குணமாக்கி மறுபடி களத்துக்கு அனுப்புவது, இதெல்லாம்தான் எங்கள் வேலை. முன்பு இளநிலைப் பட்டம் போதும். 2022 இலையுதிர் பருவத்திலிருந்து இளநிலையில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று அங்கீகாரக் குழு முடிவு செய்ததால் இப்போது முதுநிலைதான் வழி. பெரும்பாலும் 2 ஆண்டு. அதற்குள் எல்லாம் முடியவேண்டும்.

இந்தப் பருவத்தில் சுகாதாரக் கல்விக் கோட்பாடுகள் என்று 3 கிரெடிட் பாடம். ஆட்களின் உடல்நலப் பழக்கத்தை எப்படி மாற்றுவது என்பதுதான் அதில் வருவது. அதே வாரம் முழங்கால் பரிசோதனை வகுப்பு. முழங்காலுக்குள் இருக்கும் முன்பக்கத் தசைநார் அறுந்ததா என்று பார்க்கும் லாக்மன் சோதனையில் முழங்காலை 20 முதல் 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறுகையால் கீழ்க்காலை முன்னால் இழுக்கவேண்டும். தசைநார் நன்றாக இருந்தால் கயிறு இறுகியது போலச் சட்டென்று நின்றுவிடும். அறுந்திருந்தால் அந்த நிறுத்தம் இருக்காது, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். கூடப் படிக்கும் 12 பேருக்குச் செய்து பார்த்தேன். பன்னிரண்டும் நல்ல முழங்கால். அறுந்த ஒன்றை என் கை இன்னும் தொட்டதே இல்லை. அந்த நேரத்தில் நான் மனிதர் பழக்கம் எப்படி மாறுகிறது என்று காட்டும் விளக்கப்படத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். அந்த 3 கிரெடிட்டைக் களத்துக்குக் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

ஓட்டக்காரன்:
முழுக்க ஒத்துக்கொள்கிறேன் தம்பி. கல்லூரி அணியோடு வேலை செய்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே வெப்பவாதம் வந்து ஒரு பையன் விழுகிறான் என்று வை. நினைவு தடுமாறுகிறது. உடலின் உள்வெப்பம் 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கிறதா என்று மலக்குடலில் வெப்பமானி வைத்துத்தான் பார்க்கவேண்டும். நெற்றியிலோ வாயிலோ வைத்தால் ஏமாந்துபோவோம். உடனே பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். 38.9 வந்தபிறகுதான் வெளியே எடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றுவது. முதலில் குளிர்வி, அப்புறம் கொண்டுபோ. கையில் இருப்பது ஏறக்குறைய அரைமணி நேரம். இதை என் படிப்புக் காலத்தில் ஒரே ஒரு முறைதான் ஒத்திகை பார்த்தோம். அதுவும் தொட்டியில் தண்ணீர் இல்லாமல்.

வெண்பா:
நான் அந்தப் பாடத்தை நடத்துகிறவள். அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஓட்டக்காரன் சார், நீங்கள் சொன்ன ஒவ்வொரு எண்ணும் சரி. ஆனால் பையன் விழுந்த பிறகு நடப்பதைத்தான் சொன்னீர்கள். பருவத்தின் முதல் 14 நாளில் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டி உடம்பை வெயிலுக்குப் பழக்கவேண்டும் என்று தெரிந்தும், முதல் நாளே முழு உடுப்போடு ஓடவிடும் கோச்சிடம் யார் பேசுவது? ‘தலை சுற்றுகிறது’ என்று சொன்னால் கோழை என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டு ஓடும் பையனை யார் பேசவைப்பது?

கால்பந்தில் காயத்தைத் தடுக்கும் ஃபிஃபா லெவன் பிளஸ் வார்ம்-அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 20 நிமிடம், பெரிய கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுக் கால்பந்துப் பெண்களிடம் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அதே தரவை மறுபடி அலசியபோது, அடிக்கடி செய்தவர்களுக்கே காயம் குறைவு என்று தெரிந்தது. பயிற்சி என்னவென்று எல்லாருக்கும் தெரியும். வாரத்துக்கு மூன்று முறை, பருவம் முடியும்வரை செய்யவைப்பதுதான் கஷ்டம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் நான் வகுப்பில் எடுக்கிறேன்.

கரிகாலன்:
மேடம், மரியாதையோடு மறுக்கிறேன். நீங்கள் சொல்வது பேச்சுத் திறமை. அது பழகப் பழக வரும். எங்கள் வகுப்பில் நடந்தது என்ன? உடல்நல நம்பிக்கை மாதிரியின் கூறுகளை வரிசையாக எழுது, மாற்றத்தின் படிநிலைகளை எழுது, சுயதிறன் நம்பிக்கை என்ற கருத்தைத் தந்தவர் யார் (பண்டூரா, 1977). எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். இதனால் எந்தக் கோச்சின் மனம் மாறும்?

தென்றல்:
மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 9 வருடமாக டிரெய்னராக இருக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது, ஆனாலும் நான் சாய்வது வெண்பா பக்கம். காரணம் ஒரு பெண்.

பதினாறு வயது. கால்பந்தில் தலையோடு தலை மோதி மூளையதிர்ச்சி. ஐந்தாம் நாள் அறிகுறிப் பட்டியலை நிரப்பச் சொன்னேன். 22 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை எண் போடவேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே வேகத்தில் 22 பூஜ்யம் போட்டு நீட்டினாள். நல்ல உடம்புக்காரர்கூட, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றால் ஒன்றிரண்டு இடத்தில் 1 போடுவார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, கண் கூசுகிறது என்று பார்த்தாலே தெரிந்தது.

நான் பிரசங்கம் செய்தேன். மூளை ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டினேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. 2009-ல் வாஷிங்டன் மாநிலம், தலையில் அடிபட்டும் திரும்ப ஆட அனுப்பப்பட்ட ஸாக்கரி லிஸ்டெட் என்ற மாணவன் பெயரில் மூளையதிர்ச்சிச் சட்டம் கொண்டுவந்தது. 2014-க்குள் 50 மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் பள்ளியிலும் பருவம் தொடங்குமுன் பெற்றோரும் பிள்ளையும் தகவல் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். இவள் கையெழுத்தும் என் கோப்பில் இருந்தது. தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது, அவள் மறைப்பது நிற்கவில்லை.

அன்றைக்குத்தான், கரிகாலன் சொன்ன அந்த உடல்நல நம்பிக்கை மாதிரியில் படித்த ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. தடை. ஆபத்து தெரிந்தாலும், செய்வதால் இழப்பது பெரிதாகத் தோன்றினால் மனிதர் செய்யமாட்டார். கேள்வியை மாற்றினேன். ‘இந்த வாரம் வெளியே உட்கார்ந்தால் எது கைவிட்டுப் போகும் என்று பயப்படுகிறாய்?’ அழுதுவிட்டாள். சனிக்கிழமை கல்லூரிக்கு ஆள் எடுக்கிறவர் பார்க்க வருகிறாராம். நான் கோச்சிடம் பேசினேன், கோச் அவரிடம் பேசி வேறு தேதி வாங்கினார். மறுநாள் அவளே வந்து பட்டியலை மறுபடி நிரப்பினாள். தலைவலி 4. அப்புறம்தான், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் என்று பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டி அவளை ஆட்டத்துக்குத் திருப்பினோம்.

ஓட்டக்காரன்:
நல்ல காரியம் செய்தீர்கள் அக்கா. ஆனால் யோசித்துப் பாருங்கள், படித்தது எத்தனை வருடம் கழித்துப் புரிந்தது?

தென்றல்:
ஆறு வருடம். அதை மறைக்கவில்லை. வகுப்பில் எனக்கும் அது வெறும் படம்தான்.

வெண்பா:
கரிகாலன், உங்கள் குற்றச்சாட்டில் ஒன்றை ஏற்கிறேன். கூறுகளை வரிசையாக எழுது என்று கேட்பது கெட்ட தேர்வு. நானும் முதல் சில வருடம் அப்படித்தான் கேட்டேன், விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு மாணவரும் ஒரு அணியைப் பிடித்து, ஒரே ஒரு பழக்கத்தை 4 வாரத்தில் மாற்றப் பார்க்கவேண்டும். எத்தனை பேர் செய்தார்கள், எந்த வாரம் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று குறிப்பு எழுதவேண்டும். மாறவில்லை என்றாலும் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தால் முழு மதிப்பெண்.

இன்னொன்று. சுளுக்கா, ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வை என்ற சூத்திரத்தை 1978-ல் எழுதியவர் டாக்டர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் எழுதியவரும் அவரே. இன்னும் எத்தனை சிகிச்சை அறைச் சுவரில் அந்தப் பழைய சுவரொட்டி தொங்குகிறது! நீங்கள் இன்று கற்கும் சிகிச்சையும் ஒருநாள் மாறும். பாட்டி காலத்திலிருந்து ஐஸ் வைத்த வீட்டுக்கு ‘இனி இப்படி’ என்று சொல்லிப் புரியவைக்க உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

கரிகாலன்:
4 வார வேலை பிடித்திருக்கிறது. எங்களுக்கு அப்படி இல்லை. ஆனால் அதற்குத் தனிப் பாடம் ஏன்? க்ளினிக்கல் என்ற களப்பயிற்சியில் மேற்பார்வையாளரிடமே கற்றுக்கொள்ளலாமே. குறைந்தது 4 வாரம் முழுநேரமாகக் களத்தில் இருக்கவேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது.

வெண்பா:
ஆட்ட நாளில் உங்கள் மேற்பார்வையாளர் 30 கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருப்பார். சுற்றுவது எப்படி என்று சொல்லித்தருவார். ஆளைக் கேட்கவைப்பது எப்படி என்று நின்று சொல்லித்தர அவருக்கு நேரம் இருக்காது. கிரெடிட் இல்லாததை யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை, சொல்லித்தருவதும் இல்லை.

ஓட்டக்காரன்:
2023 ஜனவரி 2, அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் மார்பில் அடிபட்டுக் களத்திலேயே இதயம் நின்று விழுந்தார். அணி டிரெய்னர் உடனே சிபிஆர் (மார்பை அழுத்தும் முதலுதவி) தொடங்கினார், ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி) வந்தது, ஆள் பிழைத்தார், அதே வருடம் திரும்ப ஆடினார். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம். மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும், சிபிஆரும் இல்லை என்றால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆறு மாதம் பழகாவிட்டால் இந்தக் கைவேகம் மங்கிப்போகும். 3 கிரெடிட் நேரம் எங்கே போகவேண்டும் என்று கேட்டால் என் பதில் இதுதான், இப்போதும் இதுதான்.

தென்றல்:
தம்பி, அந்த ஏஇடி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த பள்ளியில் அந்தப் பெட்டி அலுவலக அலமாரிக்குள் பூட்டியிருந்தது. திருட்டுப் பயம். சாவி ஒருவரிடம், அவர் நாலு மணிக்கு வீட்டுக்குப் போவார். ஆட்டம் தொடங்குவது ஐந்து மணிக்கு. என் சிபிஆர் சான்றிதழ் காலாவதி ஆகாமல் இருந்தது, கை நன்றாகத்தான் பழகியிருந்தது. அந்தப் பெட்டியை மைதானச் சுவருக்குக் கொண்டுவர எட்டு மாதம் பிடித்தது. விதிமுறையைக் காட்டினேன், நகரவில்லை. கடைசியில் ஒரு மாலை நிர்வாகியைக் கோல் கம்பத்தருகே நிறுத்தி, கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து, அலுவலகம் வரை ஓடித் திரும்பினேன். 5 நிமிடம் 40 வினாடி. சாவி கையில் இருந்தபோதே! அவர் ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் பெட்டி சுவரில் இருந்தது.

ஓட்டக்காரன்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. ஆனாலும் தொட்டியில் தண்ணீர் இல்லாத அந்த ஒத்திகையை என்னால் மறக்க முடியவில்லை. முதலில் அதைச் சரிசெய்யட்டும்.

கரிகாலன்:
தனிப் பாடம் கட்டாயம் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. தேர்வு மாறவேண்டும் என்பதை எங்கள் துறைத் தலைவரிடம் எழுதிக் கேட்கப்போகிறேன். வெண்பா மேடம், அந்த 4 வார வேலைக்கான குறிப்புத் தாளை இங்கே போடமுடியுமா, கடிதத்தோடு சேர்த்துக் கொடுக்கிறேன். நாளை க்ளினிக்கலுக்குப் போகும் இடத்தில் ஏஇடி எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. போனதும் முதலில் அதைத் தேடுகிறேன்.