உறுப்பினர்களின் உடலை உறைநிலையில் காக்கும் சங்கம்: நிதியையும் பொறுப்பையும் எப்படி அமைப்பது?

கேள்வி: திருநகரிலிருந்து, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் நாங்கள் ஆறு பேர், ஓராண்டுக்கும் மேலாக, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடியில் கூடி, இறந்தவரின் உடலைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் காத்துவைக்கும் கிரையோனிக்ஸ் முறையைப் பற்றிப் படித்தும் விவாதித்தும் வருகிறோம். சென்ற மாதம் ஏழாவதாக ஒருவர் சேர்ந்ததால், உறுப்பினர்களுக்காக இலாப நோக்கற்ற சங்கம் ஒன்றைப் பதிவு செய்துவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். அதற்கு முன், சட்டம் அறிந்தவர்களிடமும் திரவ நைட்ரஜனைக் கையாண்டு பழகியவர்களிடமும் விளக்கம் கேட்க விரும்புகிறேன்.

ஒன்றை ஒளிவுமறைவின்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வாறு காக்கப்பட்ட மனிதர் எவரும் இதுவரை உயிர்பெற்று எழுந்ததில்லை. 1967 ஜனவரி 12 அன்று அமெரிக்காவில் உறையவைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற உளவியல் பேராசிரியரின் உடல் இன்றும் காப்பில் இருக்கிறது. காப்பில் இருப்பது வேறு, மீள்வது வேறு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் எலியின் சிறுநீரகத்தைப் பனிப்படிகம் உண்டாகாதபடி கண்ணாடிபோல் இறுகவைத்து, நூறு நாள்வரை காத்து, இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் காந்தப்புலத்தால் சூடாக்கும் முறையில் சீராக மீட்டு, வேறு எலிக்குப் பொருத்தி இயங்கவைத்ததை 2023-இல் வெளியிட்டார்கள். சிறுநீரகம் எங்கே, மூளை எங்கே என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நம்பிக்கை மிகச் சிறியது என்பதைச் சங்க விதிகளின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கப் போகிறோம்.

என்னை உறங்கவிடாதது அறிவியல் அன்று, அமைப்புதான். கலிபோர்னியாவில் ராபர்ட் நெல்சன் என்பவர் நடத்திவந்த சங்கம், சாட்ஸ்வொர்த் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் நிலவறை அமைத்து உடல்களைக் காத்துவந்தது. உறவினர்கள் அவ்வப்போது தரும் பணத்தை நம்பியே நைட்ரஜன் வாங்கப்பட்டது. பணம் நின்றது, நைட்ரஜனும் நின்றது. அங்கிருந்த ஒன்பது உடல்களும் கெட்டுப்போயிருந்தது 1979-இல் வெளியே தெரிந்து, வழக்கு நீதிமன்றம் சென்றது. நெல்சன் கெட்ட எண்ணத்தோடு தொடங்கியவர் அல்லர் என்றே நான் நினைக்கிறேன். அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

மூன்றாண்டுகளுக்கு முன், சித்திரை வெயிலில் என் அண்ணன் காலமானார். வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேரும்வரை வாடகைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தவர் கைப்பேசியை எடுக்கவில்லை. மூடியின் உட்புறம் படிந்திருந்த வெண்படலம் கரைந்து, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அண்ணனின் வேட்டி மடிப்பின்மேல் வழிவதை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஓர் இரவு, வீடு நிறைய உறவினர், அப்போதே அப்படி. எங்கள் ஏழு பேரில் இளையவருக்கு வயது ஐம்பத்து நான்கு. நாங்கள் எல்லோரும் போனபின் யார், எந்தப் பணத்தில், எந்தக் கடமையால் கட்டுண்டு எங்களைக் காப்பார்கள்?

பதில்: தல்லாகுளத்திலிருந்து, வழக்கறிஞர்

ஐயா, பதிவு செய்வது எளிது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்து, நோக்கங்களையும் துணை விதிகளையும் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யலாம். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டுவதும் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்புவதும் கட்டாயம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மிகக்கூடாது.

சிக்கல் அந்த மூன்றாண்டில்தான் தொடங்குகிறது. இன்று நீங்கள் ஒதுக்கிவைக்கும் நிதியை, நாளை தேர்தலில் வென்று வரும் குழு ஒன்று, தீய நோக்கம் சிறிதும் இல்லாமலேயே, கட்டடத்துக்கோ கருத்தரங்குக்கோ செலவழித்துவிட முடியும். ஆகவே நடப்புச் செலவுக்கான பணத்தையும் காப்பு நிதியையும் ஒரே கையில் வைக்காதீர்கள். உடல்களை உறையவைத்துக் காக்கும் அமெரிக்காவின் ஆல்கார் நிறுவனம் 1972-இல் தொடங்கப்பட்டது. காப்பில் இருப்போருக்கான பணத்தைத் தனி அறக்கட்டளையாகப் பிரித்தது 1997-இல்தான். நீங்கள் இருபத்தைந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் நாட்டில் அப்படிப் பிரிப்பதிலும் ஒரு தடை இருக்கிறது. ஒரு சமாதியில் பூசை நடத்துவதற்கென்று நிரந்தரமாகச் சொத்து எழுதிவைத்த, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கு ஒன்றில், இந்துக்களைப் பொறுத்தவரை அத்தகைய கொடை அறக்கொடை ஆகாது, ஆகவே முடிவில்லாக் காலத்துக்குச் சொத்தைக் கட்டிவைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. 'எங்கள் உடல்களைக் காப்பதற்காக மட்டும்' என்று நீங்கள் பத்திரம் எழுதினால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தத் தீர்ப்பையே. வருமானவரி விலக்குக்கும் பொதுநலன் தெரிய வேண்டும். தாழ்வெப்பக் காப்பு ஆராய்ச்சி, அது பற்றிய கல்வி, உடல்தானம், உறுப்புதானம் ஆகியவற்றை வெறும் பெயருக்காக அல்லாமல் உண்மையாகவே நடத்துங்கள். காப்பு என்பது தனித்தனி உறுப்பினரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமாக இருக்கட்டும்.

இறுதியாக, உயிலை மட்டும் நம்பாதீர்கள். உடல் ஒருவர் உயில் எழுதி வைக்கக்கூடிய சொத்து அன்று. மனைவி, மக்கள், உடன்பிறந்தார் ஆகியோரின் எழுத்து மூலமான இசைவை உறுப்பினர் நலமாக இருக்கும்போதே வாங்கி, ஆண்டுதோறும் புதுப்பியுங்கள்.

பதில்: உசிலம்பட்டியிலிருந்து, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

ஐயா, சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளைப் பணிக்காலம் முழுவதும் திரவ நைட்ரஜன் ஜாடியில் காத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அளவு மாறலாம், பொருள் அதே பொருள்தான்.

நைட்ரஜன் ஜாடிக்கு மின்சாரம் வேண்டாம் என்பது உங்களுக்கு ஆறுதல் தரலாம். இரட்டைச் சுவருக்கு நடுவே உள்ள வெற்றிடமே காக்கிறது. ஆனால் எவ்வளவு நல்ல ஜாடியானாலும் நாள்தோறும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அளப்பதற்கு ஓர் அளவுகோலை அடிவரை விட்டு, சற்றுப் பொறுத்து வெளியே எடுத்துக் காற்றில் ஆட்டினால், திரவம் தொட்ட உயரம்வரை வெள்ளையாகப் பனி பூக்கும், அதுதான் இருப்பு. ஜாடியின் வெளிப்புறம் வியர்த்தாலோ பனி படிந்தாலோ வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். உடனே வேறு ஜாடிக்கு மாற்ற வேண்டும்.

ஒரு பொங்கல் விடுமுறையில் நடந்ததை இத்தனை ஆண்டுகள் கழித்தும் மறக்க முடியவில்லை. நைட்ரஜன் வண்டி வரவில்லை, கோல் வைத்துப் பார்க்க வேண்டியவர் ஊருக்குப் போயிருந்தார், நானும் கேட்கவில்லை. விடுமுறை முடிந்து வந்தவர் பதற்றத்தில் ஜாடியை நிரப்பிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. குச்சிகள் பார்வைக்கு முன்பு இருந்தபடியே இருந்தன. ஒருமுறை வெப்பம் ஏறியதை மறுபடி குளிர்வித்துப் பயனில்லை, ஆனால் கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. அந்தக் குச்சிகளை நாங்கள் பசுக்களுக்குப் போட்டோம். இருபத்தொரு நாள் கழித்து அத்தனை பசுக்களும் மறுபடி பருவத்துக்கு வந்து நின்றபோதுதான் நடந்தது புரிந்தது.

எனக்காவது இருபத்தொரு நாளில் தெரிந்தது. உங்கள் சங்கத்தில் அப்படி ஒரு தவறு நடந்தால் ஒரு நூற்றாண்டுக்கும் தெரியாது. ஆகவே தினமும் அளவெடுத்து இருவர் கையெழுத்திடும் பதிவேடு வேண்டும். அதன் படி உறுப்பினர்களின் குடும்பத்துக்கு மாதந்தோறும் போக வேண்டும். அளவு குறைந்ததைச் சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் விதியில் எழுதுங்கள். அமெரிக்காவில் உடலைத் தலைகீழாகவே கலத்தில் நிறுத்துகிறார்கள். மட்டம் இறங்கினாலும் தலை கடைசிவரை திரவத்துக்குள் இருக்கும். தவறு நேரும் என்று எண்ணிச் செய்த ஏற்பாடு அது.

அறையைப் பற்றியும் ஒரு சொல். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். நிறமும் மணமும் இல்லை. மூடிய அறையில் மனிதர் மயங்கி விழுவதற்கு முன் எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. காற்றோட்டமும் ஆக்சிஜன் அளவுமானியும் இல்லாத இடத்தில் ஒரு ஜாடிகூட வைக்காதீர்கள்.

பதில்: மேலூரிலிருந்து, தமிழாசிரியை

வழக்கறிஞர் ஐயா சொன்ன தீர்ப்பைப் படித்ததும் நம் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும் என்று தொண்ணூற்றாறு ஆடுகளை விடுவார்கள். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆடு சாகாது என்பதன்று பொருள்; செத்ததற்கு ஈடாகக் குட்டி சேர்ந்து, எண்ணிக்கை தொண்ணூற்றாறாகவே நிற்க வேண்டும். நெய்யைத்தான் எடுக்கலாம், ஆட்டைத் தொடக்கூடாது. உங்கள் காப்பு நிதிக்கு இதைவிடத் தெளிவான விதியை நான் அறியேன். அது தெய்வத்துக்கான கொடை என்பதும், சட்டம் அதை வேறாகப் பார்க்கிறது என்பதும் உண்மையே; ஆனால் கணக்கு முறை ஒன்றுதான்.

குடும்ப இசைவு பற்றி: என் தந்தையார் உடல்தானத்துக்குத் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். அவர் இறந்த அன்று சித்தப்பா, 'என் அண்ணனுக்குக் கொள்ளி வைக்காமல் விடமாட்டேன்' என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் யாரும் முன்கூட்டிப் பேசவில்லை. மாலையில் தத்தனேரி மயானத்துக்குத்தான் கொண்டுசென்றோம். தங்கள் உறுப்பினர்களின் உடன்பிறந்தாரை ஒரு நாளாவது அந்த மாடிக்கு அழைத்துப் பேசுங்கள் ஐயா.

பதில்: கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று எங்கள் கூட்டத்தில் தங்கள் பதில்களை உரக்கப் படித்தோம். பொங்கல் விடுமுறைப் பகுதியைப் படித்து முடித்தபோது வெகுநேரம் யாரும் பேசவில்லை.

மதுரையில் காப்புக் கலம் வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஏழு பேரின் பணத்தைக் கொண்டு அதைத் தொடங்குவது சாட்ஸ்வொர்த்தைத் திரும்பக் கட்டுவதாகும். விரும்பும் உறுப்பினர், மிச்சிகனில் 1976-இல் ராபர்ட் எட்டிங்கர் முன்னின்று தொடங்கிய கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் போன்ற, பல பத்தாண்டுகளாக இயங்கிவரும் அமைப்போடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்வார். அங்கே முழு உடலுக்கு 28,000 டாலரிலிருந்து கட்டணம், முன்கூட்டியே முழுவதுமாக ஏற்பாடு செய்யப்பட வேண்டும், போக்குவரத்து தனி. சங்கத்தின் வேலை ஆவணம், குடும்ப இசைவு, இறந்தவுடன் உடலைக் குளிர்விப்பது, உலர்பனியில் (திட கார்பன் டை ஆக்சைடில்) அனுப்பிவைப்பது ஆகியவை. இங்கிருந்து அமெரிக்கா செல்வதற்குள் கழியும் மணிநேரங்களில் மூளைக்கு ஏற்படும் சேதத்தையும் விதிகளின் முதல் பக்கத்தில் சேர்க்கிறோம். அதைப் படித்தபின் ஒருவர் விலகிக்கொள்வதாகச் சொன்னார். அவருடைய முடிவை மதிக்கிறோம். பதிவுக்கு மறுபடியும் ஒருவர் குறைகிறார், அவசரம் இல்லை.

கண்தானத்தை விட்டுவிடாதீர்கள் என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். கருவிழியை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். வீட்டுக்கே வந்து சிறிது நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள். அதனால் மூளைக்கு ஒன்றும் நேராது. அதை எல்லா உறுப்பினருக்கும் பொதுவாக்கியிருக்கிறோம்.

வரும் ஞாயிறு உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் மாடிக்கு வருகிறார்கள். என் தம்பி உடன்பட மறுக்கிறார், ஆனாலும் வருகிறார். உசிலம்பட்டி மருத்துவர் ஐயா அன்று வர இயலுமானால், அந்த அளவுகோலையும் கொண்டுவந்து, பனி பூப்பது எப்படி என்று எங்களுக்குக் காட்ட வேண்டுகிறேன். பேருந்து நிலையத்துக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.